மலைச் சரிவில் மலரும் தேனீயும்

பரங்கிக் கொடி செழித்துப் படர்ந்து, பூவும் ஏராளமாய்ப் பூத்திருக்க, பிஞ்சுகள் மாத்திரம் சுண்டுவிரல் அளவிலேயே மஞ்சளித்து உதிர்ந்துவிடுவதைக் குடியானவர் பலரும் கண்டிருப்பர். எருக் குறைவென்றும், நீர் மிகுதியென்றும், மண்ணின் தோஷமென்றும் இதற்குக் காரணம் சொல்லப்படுவதுண்டு. சிற்சில சமயங்களில் இவை உண்மையாகவும் இருக்கலாம். எனினும், பெண் பூ மலர்ந்த அன்று காலையில் ஆண் பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கவேண்டிய தேனீ அவ்வயலுக்கு வராமையே பல இடங்களில் மூலகாரணமாயிருக்கிறது. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அதன் மகரந்தம் கனத்தும் பசையுற்றும் இருப்பதால் காற்று அதைச் சுமந்து செல்வதில்லை. பூவோ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீ வந்தால் காய் உண்டு; வாராவிடில் இல்லை.

அத்தேனீ எங்கே பிறந்தது, ஆண்டு முழுவதும் எதைத் தின்று பிழைத்தது என்ற கேள்விகளை நிலச்சுவான்தார்கள் எண்ணிப் பார்ப்பது அரிது. தம் வயலில் பூ இருக்கும் இரண்டொரு மாதங்களில் அது வந்தால் போதுமென்பதே பொதுவான எண்ணம். ஆனால் எஞ்சிய பத்து மாதங்களும் அது உயிர்வாழ வேண்டுமல்லவா? கோமுகி நதி கல்வராயன் மலையில் பிறந்து கீழே உள்ள வயல்களை நனைக்கின்றது. அது போலவே, சமவெளிப் பயிரைக் காய்க்கச் செய்யும் பூச்சிகளில் ஒரு பகுதியும் மலைச்சரிவின் பூக்களை நம்பியே வாழ்கின்றது. ஆதலின் மலையின் ஒவ்வோர் உயரத்திலும் எந்தப் பூவுக்கு எந்தப் பிராணி துணையாய் அமைந்தது, அது எவ்வாறு அமைந்தது என்பதை அறிவது சாஸ்திர விநோதம் மாத்திரமன்று. மகசூலைப் பற்றிய விஷயமுமாகும்.

சரிவும் சீதோஷ்ணமும்

கள்ளக்குறிச்சி ஜில்லா 2019ஆம் ஆண்டில் விழுப்புரம் ஜில்லாவினின்றும் பிரித்து அமைக்கப்பட்டது. அதன் ஒரு பக்கம் களமருதூர் முதலிய கிராமங்கள் அமைந்த சமவெளி; மறுபக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த கல்வராயன் மலை. இம்மலை, ஏறத்தாழ 2,700 அடி, அதாவது 825 மீட்டர், சராசரி உயரமுள்ள சின்னக் கல்வராயன் என்றும், ஏறத்தாழ 4,000 அடி, அதாவது 1,220 மீட்டர், சராசரி உயரமுள்ள பெரிய கல்வராயன் என்றும் இரு பகுதிகளாக வழங்கப்படுகிறது. மலையாளிகள் எனப்படும் மலைவாசிகள் அங்கே சாமை, தினை, மரவள்ளி முதலியவற்றைப் பயிரிட்டும், தேன், கடுக்காய், புளி முதலிய வன மகசூல்களைச் சேகரித்தும் வாழ்கின்றனர்.

உயரம் 1,000 மீட்டர் ஏறுந்தோறும் காற்றின் உஷ்ணம் சராசரியாக 6.5 டிகிரி சென்டிகிரேட் குறையும். இக்கணக்குப்படி பெரிய கல்வராயன் மேட்டிலுள்ள காற்று அடிவாரத்துச் சமவெளிக் காற்றைவிட ஏறத்தாழ 7 டிகிரி குளிர்ந்திருக்கும். பனிமூட்டமும் காற்றின் வேகமும் அங்கு அதிகம். களமருதூரிலிருந்து மலையுச்சிக்கு ஒரே நாளில் சென்றுவிடலாம். ஆனால் சீதோஷ்ணத்தைக் கொண்டு நோக்கினால் அது வேறொரு தேசத்திற்குச் சென்றது போலாகும்.

நம் முன்னோர் இதை நன்கறிந்தவர். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்றும், வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்றும் வகுத்தபோது, நிலத்திற்கு அங்கு வளரும் மரஞ்செடிகளின் பெயரையே இட்டனர். இன்ன உயரத்தில் இன்ன பூ என்பது அவர்களுக்கு நிலத்தின் அடையாளமாகவே இருந்தது. அந்தப் பூவை நாடிவரும் பிராணியும் உயரத்துக்கு உயரம் மாறுகின்றது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி விளக்கியிருக்கிறது.

நமது நாட்டுத் தேனீக்களையே எடுத்துக்கொள்வோம். புதரிலும் கிளையிலும் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ சமவெளிக்கு உரியது. ஏறத்தாழ 450 மீட்டருக்கு மேல் அதைக் காண்பது அரிது. சுவர்ப் பொந்துகளில் வாழும், கொட்டாத கொசுத் தேனீயும் வெப்பத்தை விரும்புவதே. மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் பல அடைகளை அடுக்காகக் கட்டும் அடுக்குத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ, சமவெளியிலும் மலையிலும் வாழக்கூடியது. உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் பேரடை கட்டும் பெருந்தேனீயும் இரண்டிடத்தும் உண்டு. ஆனால் அது ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. பூக்கும் பருவத்தைத் தொடர்ந்து கூட்டங் கூட்டமாகக் காட்டுக்கும் சமவெளிக்கும் இடம்பெயர்வது.

இந்த வேற்றுமைக்கு முக்கிய காரணம் உஷ்ணமே. பூச்சி பறப்பதற்கு அதன் சிறகுத் தசைகள் சூடேற வேண்டும். சிறிய உடல் விரைவில் சூட்டை இழந்துவிடும். குளிரும் தூறலும் உள்ள காலையில் தேனீ கூட்டைவிட்டு வெளிவராது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் பறவையோ அப்பொழுதும் பூவை நாடிச் செல்லும். 1972ஆம் ஆண்டில் கிரூடன் என்ற அமெரிக்க விஞ்ஞானி மெக்ஸிகோ நாட்டின் உயர்ந்த மலைகளில் இதை ஒப்பிட்டுப் பார்த்து, மழையும் மேகமும் மிகுந்த காலத்தில் தேனீயைவிடப் பறவையே மகரந்தச் சேர்க்கையில் திறமையுள்ளது என்று வெளியிட்டார். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் ஹெர்மன் முல்லர் என்ற ஜெர்மானியர் பல்லாண்டுகள் பூக்களையும் பூச்சிகளையும் கவனித்து 1881இல் எழுதிய நூலிலும், மேலே செல்லச் செல்லப் பூவுக்கு வரும் பூச்சிகளின் விகிதம் மாறுவது விவரிக்கப்பட்டுள்ளது.

தேனீயும் விதை பொறுக்குவதுண்டு

பூவும் பிராணியும் இவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்தியது எப்படி? விதை பொறுக்கும் குடியானவனுக்கு இதை விளக்குவது எளிது. வயலில் எல்லாக் கதிர்களும் ஒன்று போலிருப்பதில்லை. நல்ல கதிர்களைத் தேர்ந்து விதைக்கு வைத்தால், அக்குணம் அடுத்த தலைமுறைக்கும் வருகிறது. ஆண்டுதோறும் அவ்வாறே செய்துவர, அவ்வூருக்கேற்ற ரகம் ஒன்று உருவாகிவிடுகிறது. வேற்றுமை இருக்கவேண்டும், அவ்வேற்றுமை சந்ததிக்கு இறங்கவேண்டும், சில செடிகளின் விதை மற்றவற்றின் விதையைவிட அதிகமாக அடுத்த தலைமுறைக்குச் சேரவேண்டும். இம்மூன்றும் கூடினால் இனம் மெல்ல மாறும். இதுவே பரிணாமம் என்பது.

குடியானவன் எண்ணிச் செய்வதைத் தேனீ எண்ணாமலே செய்கிறது. எந்தப் பூ தன் கண்ணுக்கு எளிதில் தெரிகிறதோ, எதில் தேன் நிறைந்து நாவுக்கு எட்டுகிறதோ, அதையே அது நாடும். நாடிய பூ காய்க்கும். நாடாத பூ உதிரும். ஆயிரக்கணக்கான தலைமுறைகள் இவ்விதம் சென்றால், அவ்விடத்துப் பூ அவ்விடத்துத் தேனீக்கு ஏற்றதாகவே அமைந்துவிடும். தேனீயும் அவ்வாறே. தன்னிடத்துப் பூவிலிருந்து அதிகத் தேனை எடுக்கவல்ல கூட்டமே அதிகப் புழுக்களை வளர்த்துப் பெருகும்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. ஒரே தோட்டத்துக் கொடிகளைக் கவனித்தால் போதும். பரங்கியும் பாகலும் காலையில் மஞ்சள் நிறமாகப் பூக்கின்றன. அவற்றை நாடுவது பகலில் பறக்கும் தேனீ. சுரையும் புடலும் மாலையில் வெண்மையாகப் பூக்கின்றன. மங்கிய வெளிச்சத்தில் வெண்மையே தெரியும், அந்தி நேரத்தில் பறக்கும் அந்துப்பூச்சிகளே அவற்றுக்கு விருந்தாளிகள். ஒரே குடும்பத்துக் கொடிகளாயினும், வருகிறவர் வேறாதலால் பூக்கும் வேளையும் நிறமும் வேறாயின.

மலையுயரத்தில் இம்மாறுதல் நிகழ்வதைக் கண்கூடாகக் காட்டிய ஆராய்ச்சிகளில் ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் காண்டஸ் கேலன் என்ற பெண் விஞ்ஞானி நடத்தியது. அங்கே பொலிமோனியம் என்ற ஒரே செடி, மரங்கள் முடியும் எல்லையிலும், அதற்கு மேலுள்ள உச்சிப் புல்வெளியிலும் வளர்கிறது. உச்சியில் வளர்பவற்றின் பூ, கீழே உள்ளவற்றின் பூவைவிட ஏறத்தாழ 12 சதவிகிதம் அகலமானது; நறுமணமும் உடையது. கீழே உள்ளவற்றில் துர்நாற்றமுள்ள சிறு பூக்கள் மிகுதி. காரணம் யாதெனில், உச்சியில் மயிரடர்ந்த பருத்த பம்பிள் தேனீக்கள் மகரந்தம் சேர்க்கின்றன. அவை அகன்ற பூவையே விரும்புவன. கீழேயோ ஈக்களும் எறும்புகளும் மிகுதி. எறும்பு பூவின் உள்ளுறுப்பைக் கடித்துச் சேதப்படுத்துவதால், எறும்பை விரட்டும் நாற்றமும் சிறிய வடிவும் அங்கு அனுகூலமாயின. பம்பிள் தேனீக்கள் சேர்த்த மகரந்தத்தால் உண்டான விதைகளையும், கையால் பேதமின்றிச் சேர்த்து உண்டாக்கிய விதைகளையும் தனித்தனியே வளர்த்துப் பார்த்ததில், முன்னவற்றின் சந்ததியில் பூக்கள் ஏறத்தாழ 9 சதவிகிதம் அகலமாயிருந்தன என்று 1996இல் அவர் வெளியிட்டார். ஒரே தலைமுறையில் தேனீயின் கைவண்ணம் அவ்வளவு தெரிந்தது.

மலையின் உயரத்தில் பறவை, அடியில் தேனீ என்று எங்கும் ஒரே விதியாகக் கொள்ளலாகாது. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் மிமுலஸ் என்ற செடியில் இரண்டு இனங்கள் உண்டு. உயரத்தில் வளரும் இனம் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தேனீக்களை அழைக்கிறது. தாழ்வில் வளரும் இனம் செந்நிறமாகப் பூத்து, நம் தேன்சிட்டைப் போன்ற ஹம்மிங் பறவையை அழைக்கிறது. நிறத்தைக் குறித்த ஒரே ஒரு பரம்பரைக் கூற்றை இவ்விரண்டிற்குமிடையே மாற்றி அமைத்தபோது, பறவைப் பூவுக்குத் தேனீக்கள் 74 மடங்கும், தேனீப் பூவுக்குப் பறவைகள் 68 மடங்கும் அதிகமாக வந்தன என்று 2003இல் பிராட்ஷா, ஷெம்ஸ்கி ஆகிய இருவரும் காட்டினர். ஆகவே பூவின் போக்கைத் தீர்மானிப்பது உயரம் மட்டுமன்று. அவ்வுயரத்தில் எவர் வருகிறார் என்பதே.

குறிஞ்சியும் காட்டுப் பூவரசும்

நம் மாகாணத்திலேயே இதற்கு இரண்டு சிறந்த சாட்சிகள் உண்டு. ஒன்று நீலக்குறிஞ்சி. நீலகிரி, பழனி மலை முதலிய இடங்களில் 1,300 மீட்டருக்கும் 2,400 மீட்டருக்கும் இடையில் வளரும் இச்செடி, கல்வராயனுக்கு அண்டையிலுள்ள சேர்வராயன் மலையிலும் உண்டு. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒருசேரப் பூத்து, விதைத்து, மடிந்துவிடுகிறது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்தது 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. மலையெல்லாம் ஒரே சமயத்தில் பூத்தால், வேறு பூக்களில் சிதறியிருக்கும் தேனீக்களும் அதனிடமே திரளும். விதையைத் தின்னும் பிராணிகள் எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். இப்பழக்கம் நிலைபெற்றதற்கு அறிஞர் கூறும் காரணங்கள் இவை. அதை நாடி வருவதில் முதன்மையானது நமது அடுக்குத் தேனீயே.

மற்றொன்று, நீலகிரியின் உயர்ந்த சோலையோரங்களில் செந்நிறக் கொத்துக்களாய்ப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரம். காட்டுப் பூவரசு என்று இதை வழங்குவர். இதே இனம் இமயமலைச் சரிவிலும் உண்டு. இரண்டிற்கும் இடையிலுள்ள சமவெளியில் எங்கும் இல்லை. குளிரை விரும்பும் இம்மரத்தின் பூவில் தேன் மிகுதி, நிறம் சிவப்பு, பறவைகள் அதை நாடுகின்றன. இமயத்தில் பம்பிள் தேனீக்களும் உண்டு. தென்னிந்திய மலைகளில் அவை இல்லை. பூ ஒன்றாயினும், வருகின்ற கூட்டம் மலைக்கு மலை வேறாகிறது.

மலைத் தேனீயும் சமவெளித் தேனீயும்

பூவில் நிகழ்ந்தது தேனீயிலும் நிகழ்ந்திருக்கிறது. அடுக்குத் தேனீ ஓர் இனமேயாயினும், தென்னிந்தியாவில் மலை வகை, சமவெளி வகை என்று இரண்டாகக் காணப்படுகிறது. மலை வகை உருவத்தில் பெரியது, நிறம் கருமை. சமவெளி வகை சிறியது, நிறம் மஞ்சள். பெரிய உடல் சூட்டை மெதுவாகவே இழக்கும். கரிய நிறம் வெயிலின் சூட்டை விரைவில் ஏற்கும். ஆதலின் குளிர்ந்த காலையில் முந்திப் பறக்க இவை உதவும் என்பது தெளிவு. வடக்கே காஷ்மீரம் வரையில் நோக்கினாலும் இதே முறைமை தெரிகிறது. அங்குள்ள இந்தியத் தேனீ தெற்கிலுள்ளதைவிட மிகப் பெரியது.

இது தேனீ வளர்ப்போருக்கு நெடுநாளாகத் தெரிந்த விஷயம். திருச்சிராப்பள்ளியில் 1911 முதல் 1917 வரையில் குடியானவர்களுக்குத் தேனீ வளர்ப்பில் பயிற்சியளித்த பாதிரியார் நியூட்டன், சமவெளித் தேனீயின் சிறிய உருவத்திற்கேற்ற பெட்டியொன்றை அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிற்காலத்தில் இந்தியத் தேனீப் பெட்டிகளுக்குச் சர்க்கார் தரம் நிர்ணயித்தபோதும், சிறிய வகைக்கு ஓர் அளவும் பெரிய வகைக்கு வேறோர் அளவும் வகுக்கப்பட்டன. பெட்டியின் அளவிலேயே மலையின் உயரம் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

ஓர் உயரத்தில் பழகிய உயிரை வேறோர் உயரத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதை, அமெரிக்காவில் கிளாசன், கெக், ஹீஸி என்ற மூவர் செடிகளைக் கொண்டு ஆராய்ந்தனர். கடலோரத் தாழ்நிலத்தில் ஒன்று, 1,400 மீட்டரில் ஒன்று, 3,050 மீட்டரில் ஒன்று என மூன்று தோட்டங்கள் வைத்து, ஒரே செடியைப் பிரித்து மூன்றிலும் நட்டு, 1940இலும் 1948இலும் முடிவுகளை வெளியிட்டனர். தாழ்நிலத்துச் செடிகள் உச்சித் தோட்டத்தில் பிழைக்க முடியாமல் மடிந்தன. உச்சிச் செடிகளைத் தாழ்நிலத்தில் நட்டபோதும் அவை குள்ளமாகவே இருந்தன. குணம் இடத்தால் மட்டும் வருவதன்று; பரம்பரையில் ஊறியது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. மலைச் சாமை விதையைச் சமவெளியிலும், சமவெளி விதையை மலையிலும் சோதியாமல் விதைக்கலாகாது என்று அனுபவஸ்தர்கள் சொல்வதன் கருத்தும் இதுவே.

தொடர்ச்சி அறுந்தால்

சரிவில் பூக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பூப்பதில்லை. வேம்பு, புங்கம், நாவல், புளி, கடுக்காய் என்று பங்குனி தொடங்கி ஆனி வரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கின்றன. ஒரே மரவகையும் அடிவாரத்தில் ஒரு சமயமும் உயரத்தில் வேறொரு சமயமும் பூப்பதுண்டு. இவ்வாறு ஏணியின் படிகளைப் போல் அமைந்த பூக்காலங்களைப் பிடித்துக்கொண்டே தேனீ ஆண்டைக் கழிக்கிறது. சமவெளியில் எள்ளும் சூரியகாந்தியும் பூக்கும்போது அங்கும் வந்து சேர்கிறது. நடுவில் ஒரு படி ஒடிந்தாலும் கூட்டம் பசியால் குன்றும், அல்லது இடம் விட்டுப் போய்விடும். புதர்க்காட்டைத் தீயிட்டுக் கொளுத்துவதும், வரப்புப் புங்கையையும் புறம்போக்கு நாவலையும் வெட்டுவதும் இந்தப் படிகளை ஒடிப்பதேயாகும்.

வேறோர் அபாயமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையில் இந்தியாவின் சராசரி உஷ்ணம் ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்துள்ளதாக 2020இல் இந்திய சர்க்காரின் புவி அறிவியல் இலாகா வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முன் சொன்ன கணக்குப்படி இது, மலையில் ஏறத்தாழ 350 அடி கீழே இறங்கியதற்குச் சமம். பழைய குளிர்ச்சி வேண்டுமாயின் செடியும் பூச்சியும் அவ்வளவு தூரம் மேலே ஏற வேண்டும். கல்வராயனோ 4,000 அடிச் சுமாருள்ள மலை. ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகிய அண்டை மலைகளும் சமவெளியால் பிரிக்கப்பட்டுத் தீவுகளைப் போல் தனித்தனியே நிற்கின்றன. உச்சியில் வாழ்வனவற்றிற்கு அதற்குமேல் ஏற இடமில்லை.

பூச்சி பூவைவிட விரைவில் மாறிவிடுவதும் உண்டு. கொலராடோ மலைகளில் பம்பிள் தேனீ இனங்கள் இரண்டின் நாவின் நீளம், ஏறத்தாழ 40 ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. வெப்பம் மிகுந்து பூக்கள் அருகியபோது, ஆழ்ந்த பூவையே நம்பும் நீண்ட நாவைவிட, கிடைத்த பூவிலெல்லாம் உண்ணும் குறுநாவே அனுகூலமாயிற்று. ஆழ்ந்த பூக்கள் தம் பழைய துணையை அந்த அளவுக்கு இழந்தன.

இதற்கு எதிரான நம்பிக்கை தரும் அனுபவமும் உண்டு. 1991ஆம் ஆண்டையொட்டித் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் என்னும் நோயினால், தேனீப் புழுக்கள் பைபோல் வீங்கி மடிந்து, அடுக்குத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. மார்த்தாண்டம் முதலிய இடங்களில் தேனீயை நம்பியிருந்த குடும்பங்கள் பெரிதும் நஷ்டமடைந்தன. எனினும் தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து இனம் மறுபடியும் பெருகிற்று. காட்டிலும் மேட்டிலும் பல வகைக் கூட்டங்கள் இருந்தால்தான் அவற்றுள் சிலவாவது தப்பும். ஒரே வகையை எங்கும் நிரப்பிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

செய்யத்தக்கவை

1. தேனீப் பெட்டி வைக்க விரும்புவோர், தம் நிலத்தின் உயரத்திற்கு ஒத்த இடத்தில் பிடித்த கூட்டத்தையே கொள்ளவேண்டும். மலைக் கூட்டத்தைச் சித்திரை வெயிலில் சமவெளிக்குக் கொண்டுவந்தால், அது பெட்டியைவிட்டு ஓடிவிடும் அபாயம் மிகுதி. பெட்டியை நிழலில் வைத்து, அருகில் நீர் வைக்க வேண்டும். நல்ல பராமரிப்பில் ஓர் இந்தியத் தேனீக் கூட்டம் ஆண்டுக்கு 6 முதல் 8 கிலோ வரை தேன் தரும். ஆனால் அது பயிருக்குச் செய்யும் உதவியே பெரிய லாபம்.

2. சூரியகாந்தி பயிரிடுவோர் ஹெக்டேருக்கு 5 பெட்டிகள் வைப்பது நன்று. தேனீ குறைந்த இடங்களில், பூக்கும் பருவத்தில் காலை 9 மணி முதல் 11 மணிக்குள், மெல்லிய துணியைக் கையில் சுற்றிப் பூத்தட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகத் தடவிவர வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இவ்வாறு செய்தால் மணி பிடிப்பது மிகும்.

3. பரங்கி, பாகல் முதலியவற்றில் பிஞ்சு உதிர்ந்தால், எருவைக் கூட்டுமுன் இரண்டு நாள் காலையில் கொடியருகே நின்று தேனீ வருகிறதா என்று பார்க்கவும். வரவில்லையெனில், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கிப் பெண் பூவின் நடுவில் தடவிக் காய் பிடிக்கிறதா என்று சோதிக்கலாம். சுரைக்கும் புடலுக்கும் இச்சோதனையை மாலையில் செய்யவேண்டும்.

4. பூக்கும் பருவத்தில் பூச்சி மருந்து தெளிப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாவிடில், தேனீக்கள் கூடடைந்தபின் மாலையில் தெளிக்கவும். காலைத் தெளிப்பு தேனீக்களை நேரே கொல்லும்.

5. மலையில் காப்பி வைத்திருப்போர், அரபிகா வகை தன் மகரந்தத்தாலேயே காய்க்குமென்பதையும், ரொபஸ்டா வகைக்கு வேறு செடியின் மகரந்தம் அவசியமென்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ரொபஸ்டாத் தோட்டத்தருகே பெருந்தேனீ கட்டும் உயர்ந்த மரங்களை வெட்டலாகாது.

6. பெருந்தேனீ அடையை எடுக்குங்கால் நெருப்பிட்டுக் கூட்டத்தையே அழிப்பது, முட்டையிடும் கோழியை அறுப்பதற்கு ஒப்பாகும். புழுவுள்ள பகுதியை விட்டுத் தேனுள்ள பகுதியை மாத்திரம் அறுத்தெடுத்தால், அதே கூட்டம் மறுபடியும் தேன் சேர்க்கும். தேன் முதலிய சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மலைவாசிகளுக்கு அளித்துள்ளது; அவ்வுரிமை நிலைக்கவும் இம்முறையே ஏற்றது.

7. வரப்பிலும் கிணற்றடியிலும் ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் புங்கம், வேம்பு, நாவல், புளி ஆகியவற்றில் ஒன்றிரண்டாவது வைத்துப் பேண வேண்டும். வெவ்வேறு மாதத்தில் பூக்கும் மரங்களாகத் தேர்ந்தெடுத்தால், தேனீக்குப் பஞ்சமில்லாத ஊராக அது அமையும்.

கிராம அதிகாரிகளுக்கு

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளூர் ஸ்தாபனமும் ஒரு நிர்வாகக் குழுவை அமைத்து, தன் எல்லையிலுள்ள செடி கொடி பிராணிகளைப் பற்றிய மக்கள் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். இப்பதிவேட்டில் மரத்தின் பெயரோடு அது முதற் பூ விட்ட தேதியையும், பெருந்தேனீ வந்த தேதியையும், சென்ற தேதியையும் ஆண்டுதோறும் குறித்துவருவது கடினமான காரியமன்று. மழையளவைக் குறிப்பதுபோலவே இதுவும் ஒரு வழக்கமாகலாம். சமவெளிக் கிராமம் ஒன்றும், அடிவாரக் கிராமம் ஒன்றும், கல்வராயன் மேட்டுக் கிராமம் ஒன்றும் இவ்விதம் பத்தாண்டுகள் எழுதிவைத்துப் பின்னர் ஒப்பிட்டால், எந்தப் படி எப்பொழுது தளர்கிறது என்பது விளங்கும். புறம்போக்கு மரங்களை வெட்ட அனுமதி கேட்டு மனு வரும்போது, அம்மரம் எந்த மாதத்தில் பூக்கிறது, அம்மாதத்தில் பூக்கும் வேறு மரம் ஊரில் உண்டா என்று பார்த்து யோசனை சொல்வதற்கும் இக்குறிப்பு உதவும்.

மண்ணையும் நீரையும் விதையையும் நம்பி வேளாண்மை செய்கிறோம். இம்மூன்றுக்கும் கணக்கு உண்டு, காவல் உண்டு, வழக்கும் உண்டு. நான்காவதாக உழைக்கும் சிறு பிராணிக்குப் பட்டாவும் இல்லை, கூலியும் இல்லை. அடிவாரத்தின் மஞ்சள் தேனீயும் மேட்டின் கரிய தேனீயும் தத்தம் பூக்களோடு பொருந்தி அமைய எண்ணிறந்த தலைமுறைகள் சென்றன. அப்பொருத்தத்தை அழிப்பதற்குச் சில கோடைத் தீயே போதும். ஆதலின் வரும் பங்குனிக்குள் ஒவ்வொரு கிராமத்திலும் பூமரங்களின் கணக்கை எடுத்து, குறைந்த மாதத்திற்கு ஏற்ற கன்றுகளை ஆடி மழைக்கு முன் தயாராக வைத்துக்கொள்வது, நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் இவ்வாண்டிலேயே தொடங்கத்தக்க காரியமாகும்.